பாடுகிறவர்கள் போய்விடுவார்கள், பாட்டு எங்கே தங்கும்? பல்கலைக்கழக நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர்கள், பதிவாளர்கள், மாணவர் நலத்துறைப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

பட்டமளிப்பு விழா நிகழ்ச்சிநிரலின் முதல் வரியில் ‘பல்கலைக்கழகப் பாடல்: சேர்ந்திசைக் குழு’ என்று அச்சிடுகிறீர்கள். கடைசி வரியிலும் அதே பெயர் வரும். இரண்டு பாட்டும் சேர்ந்து ஆறு நிமிடம் இருக்கலாம். மற்ற நாளெல்லாம் அந்தக் குழு எங்கே ஒத்திகை பார்க்கிறது, அதன் இசைத்தாள்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன, அந்த அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் உங்கள் அலுவலகத்தில் பதில் சொல்ல ஆள் இருக்காது. இந்த மடல் அந்தச் சாவியைப் பற்றியது.

நாங்கள் இத்தகைய குழுக்களில் பாடுகிறவர்கள், நடத்துகிறவர்கள், தாள்களை எண்ணி அடுக்குகிறவர்கள். சொல்ல வருவது ஒன்றுதான். வளாகத்தில் எல்லோரும் ‘கொயர்’ என்று சுருக்கமாகச் சொல்லும் இந்தக் குழு, மூன்று நான்கு ஆண்டுகளில் கடைசி ஆள் வரை மாறிப்போவது. நூலகத்தில் நூலகர் இருக்கிறார், ஆய்வகத்தில் உதவியாளர் இருக்கிறார். இங்கே நிலையாக இருப்பவர் யாருமில்லை. மாறாத எதையாவது பல்கலைக்கழகம் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டால்தான் குழுவுக்கு வரலாறு என்று ஒன்று மிஞ்சும். இல்லாவிட்டால் ஒவ்வொரு நான்காம் ஆண்டும் அது முதலிலிருந்து பிறக்கும். பழைய பெயர் மட்டும் பதாகையில் இருக்கும்.

முன்பு நடந்ததைக் கொஞ்சம் பார்ப்போம். சுவீடனின் உப்சாலாவில் ‘அல்மென்னா சோங்கென்’ என்ற மாணவர் பாடகர் குழு 1830இல் தொடங்கியது. மறு ஆண்டே லுண்ட் பல்கலைக்கழக மாணவர்கள் தங்களுக்கென்று ஒரு பாடகர் சங்கம் கண்டார்கள். ஹெல்சிங்கியில் 1838இல் ஃபிரெட்ரிக் பாசியுஸ் என்ற இசையமைப்பாளர் மாணவர் குழுவொன்றைக் கட்டினார். பத்தாண்டு கழித்து, 1848 மே 13 அன்று, மாணவர்களின் வசந்த விழாவில் அவருடைய புதிய மெட்டு ஒன்று முதன்முதலாக ஒலித்தது. இன்று பின்லாந்தின் தேசிய கீதம் அதுதான். எஸ்டோனியாவின் கீதமும் அதே மெட்டில் அமைந்தது. மாணவர் விழாப் பாட்டு இரண்டு நாடுகளுக்குக் கீதமானது என்பதை, ‘இதெல்லாம் பாடத்திட்டத்துக்கு வெளியே’ என்று கோப்பில் குறிப்பெழுதும்போது நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் நேரடியானது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்காக 1866இல் திறந்த அந்த நிறுவனம் ஐந்தே ஆண்டில் மூடும் நிலைக்கு வந்துவிட்டது. பொருளாளராகவும் இசை ஆசிரியராகவும் இருந்த ஜார்ஜ் வைட், 1871 அக்டோபர் 6 அன்று ஒன்பது மாணவர்களை அழைத்துக்கொண்டு நிதி திரட்டக் கிளம்பினார். முதலில் அவர்கள் பாடியவை பெரும்பாலும் மற்றவர்கள் மேடைகளில் பாடிய பாடல்கள்தாம்; எடுபடவில்லை. தங்கள் பெற்றோர் வயல்களிலும் வழிபாடுகளிலும் பாடிய, வெளியாருக்குப் பாடிக் காட்டத் தயங்கிய ஆன்மிகப் பாடல்களைப் பாடத் தொடங்கிய பிறகுதான் அரங்குகள் நிறைந்தன. 1872இல் அந்தப் பாடல்கள் சுரக்குறிப்போடு அச்சேறின. திரட்டிய பணத்தில் எழுந்த கட்டடம் ஜூபிலி ஹால். இன்றும் ஒவ்வோர் அக்டோபர் 6ஆம் நாளும் அங்கே ஜூபிலி நாள். இதில் கவனிக்கவேண்டியது: அங்கே எஞ்சி நின்றவை குரல்கள் அல்ல. ஒரு தேதி, ஒரு அச்சுப்புத்தகம், ஒரு கட்டடம்.

மற்ற இடங்களிலும் இப்படித்தான்; எஞ்சும் பொருள் மட்டும் வேறாக இருக்கும். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக் குழுவுக்கு அது ஒரு மாலை: 1918 முதல் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நடக்கும் ஒன்பது வாசகங்களும் பாடல்களும் கொண்ட வழிபாடு, 1928 முதல் வானொலியில். 1983 முதல் ஆண்டுதோறும் ஒரு புதிய பாடலையும் எழுதச் செய்து சேர்க்கிறார்கள். பழையது அப்படியே இருக்க, புதியது ஒன்று வந்துகொண்டே இருக்கும் இந்த ஏற்பாடு எங்களுக்கு மிகவும் பிடிக்கும். அமெரிக்காவின் செயின்ட் ஓலாஃப் கல்லூரிக் குழுவில் மாறாதது நடத்துநர்: 1912இல் தொடங்கிய குழுவுக்கு 1990இல் வந்தவர் நான்காமவர்தான். பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் மாட்ரிகல் பாடகர்களுக்கு அது உட்காரும் முறை. 1963இல் ஆந்திரியா வெனராசியோன் தொடங்கிய அந்தக் குழு அரைவட்டமாக அமர்ந்து பாடும். முன்னால் யாரும் நின்று கையசைப்பதில்லை, இடது கோடி நாற்காலியில் இருப்பவர்தான் தொடக்கம் காட்டுவார். ஐரோப்பிய சேர்ந்திசைப் பெரும்பரிசை 1997லும் 2007லும் வென்றது அந்த நாற்காலி வரிசைதான். யேல் பல்கலைக்கழகத்தின் விஃபன்பூஃப்ஸ் குழு இன்னும் ஒரு படி மேலே. 1909இல் தொடங்கியது, 14 பேர், ஓராண்டு முடிந்தால் 14 பேரும் வெளியே. அப்படி இருந்தும் அறுபடாமல் வருவதற்குக் காரணம், போகிறவர்கள் போவதற்கு முன்பே வருகிறவர்களைத் தேர்ந்தெடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போவது.

இனி உங்கள் வளாகத்துக்கு வருவோம். குழு எதனால் தேய்கிறது, எதைச் செய்தால் தேயாது என்பதை வரிசை பார்க்காமல் சொல்கிறோம்.

முதலில் நேரம். வாரம் இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம்; இதற்குக் கீழே போனால் நான்கு குரல் பாடல்கள் நிற்காது. அந்த 120 நிமிடம் ஏறக்குறைய இப்படிக் கழியும்: குரல் பழக்க 12 நிமிடம், புதிய பாடலுக்கு 35, குரல்வாரியாகப் பிரிந்து பயில 25, இடைவேளை 10, எல்லோரும் சேர்ந்து பாட 30, அறிவிப்புக்கு 8. ‘கொஞ்சம் முன்கூட்டியே அரங்கைக் காலி செய்யுங்கள்’ என்று காவலர் வந்து நிற்கும்போது பறிபோவது அந்தக் கடைசி முப்பது நிமிடம், அதாவது பிரித்துப் பயின்றதைச் சேர்த்துப் பார்க்கும் நேரம். சேர்த்துப் பார்க்காமல் கலைந்தால் அடுத்த அமர்வில் பாதி வேலையைத் திரும்பச் செய்யவேண்டும். ஆகவே நேரம் கால அட்டவணையிலேயே இருக்கவேண்டும். எட்டு டெனர்களில், அதாவது ஆண்களில் உயர்குரல் பாடுகிறவர்களில், நான்கு பேருக்குச் செவ்வாய்தோறும் ஆய்வக வகுப்பு என்றால் செவ்வாய் ஒத்திகை ஒத்திகையே அல்ல.

டெனர்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ‘நாற்பது பேர் சேர்த்துவிட்டோமே, இன்னும் என்ன?’ என்ற கேள்வி எல்லா அலுவலகங்களிலும் எழுகிறது. நாற்பது பேர் என்பது பெண்களின் உயர்குரலான சோப்ரானோ 11, தாழ்குரலான ஆல்ட்டோ 11, ஆண்களின் உயர்குரலான டெனர் 8, தாழ்குரலான பேஸ் 10 என்று அமைந்தால்தான் குழு. பதினெட்டு வயதில் வரும் ஆண்களில் பெரும்பாலோர் டெனருக்கும் பேஸுக்கும் நடுவே நிற்கும் பாரிடோன் குரல்காரர்கள். எண்ணிக்கையைச் சரிக்கட்ட அவர்களை டெனரில் தள்ளினால் தொண்டையை இறுக்கி மேல்சுரத்தை எட்டிப் பிடிப்பார்கள். ஒரு பருவம் தாங்கும், அடுத்த பருவம் குரல் கம்மும். அந்த வயதில் குரல் இன்னும் படிந்துகொண்டிருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. சேர்க்கைத் தேர்வு ஆளுக்கு எட்டுப் பத்து நிமிடமாவது வேண்டும்: குரலின் எல்லை எதுவரை, ஒருமுறை கேட்ட சுரவரிசையைத் திருப்பிச் சொல்ல முடிகிறதா, எழுதியதைப் பார்த்துப் பாட வருமா, கடைசியாக மற்ற மூவரோடு நின்று தன் வரியை விடாமல் பிடிக்கிறாரா. கடைசிச் சோதனைதான் முக்கியம். தனிப்பாட்டில் பரிசு வாங்கியவர்கள் பலர் அதில்தான் விழுகிறார்கள்.

அறை. தாழ்ந்த கூரை, தரைவிரிப்பு, கனத்த திரைச்சீலை கொண்ட கருத்தரங்கக் கூடத்தைக் கொடுக்கிறீர்கள். குரல் எழும்பிய இடத்திலேயே செத்துவிடும், தன் குரல் தனக்கே கேட்காததால் ஒவ்வொருவரும் கத்துவார்கள். அல்லது கண்ணாடியும் பளிங்கும் போட்ட முகப்புக்கூடத்தைக் கொடுக்கிறீர்கள். எல்லாம் ஒன்றோடொன்று குழம்பி, யார் தவறினார் என்று நடத்துநருக்குத் தெரியாது. ஒத்திகை அறைகளின் ஒலியமைப்புக்கென்றே ஐ.எஸ்.ஓ. 23591 என்ற பன்னாட்டுத் தரநிலை 2021இல் வந்திருக்கிறது. அடுத்த கட்டடம் கட்டும்போது உங்கள் பொறியாளரிடம் அந்த எண்ணைச் சொன்னால் போதும். அதுவரை செய்யக்கூடியவை சின்னச் சின்னவை: உயர்ந்த கூரை உள்ள அறை, சத்தம் போடாத மின்விசிறி, திறக்கக்கூடிய சன்னல், எழுதுபலகை பொருத்தாத நாற்காலி. அந்தப் பலகை தாளை வைக்க வசதி என்று நினைக்கிறீர்கள். பாடகர் அதில் குனிந்துவிடுவார். குனிந்தால் மூச்சு அடிவயிற்றுக்கு இறங்காது.

பியானோ இருந்தால் அதை ஆண்டுக்கு இருமுறை சுதி சேர்க்க ஆள் அழையுங்கள், வழக்கமான 440 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு. ஒத்திகை நேரத்தில் மட்டும் குளிரூட்டியைப் போட்டு மற்ற நேரம் அணைத்து வைப்பதுதான் அதற்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய கேடு. ஈரப்பதம் ஏறினால் உள்ளிருக்கும் ஒலிப்பலகை உப்பிச் சுதி ஏறும், காய்ந்தால் இறங்கும். நாள்தோறும் இப்படி ஏறி இறங்கினால் சுதி சேர்த்த வேலை ஒரு மாதம் நிற்காது. ஜன்னலோரத்திலும் குளிரூட்டியின் வாய்க்கு நேரேயும் பியானோவை வைக்காதீர்கள். அதன்மேல் பூச்சாடியும்.

விழா முடிந்ததும் ‘கடைசியில் சுதி இறங்கிவிட்டதே’ என்று யாராவது ஒரு பேராசிரியர் சொல்வார். அவர் சொல்வது சரியாகவே இருக்கும். காரணம்தான் தெரியாமல் இருக்கும். பக்கவாத்தியம் இல்லாமல் பாடும்போது காது தூய இசைவுகளை நாடும். தம்பூராவின் அதிர்வில் தானாகக் கேட்கும் அந்தர காந்தாரம், பியானோவின் அதே சுரத்தைவிடச் சற்றுத் தாழ்ந்தது. ஓர் அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் பதினான்கு பங்கு. இப்படிச் சுத்தமாகச் சேர்த்துக்கொண்டே போனால் சில இசைவுத் தொடர்களில் சுற்றுக்கு இருபத்திரண்டு பங்கு வீதம் மொத்தச் சுதியும் கீழே வரும். நாலைந்து சுற்றில் ஓர் அரைச்சுரம் காணாமல் போய்விடும், யாரும் அபசுரமாகப் பாடாமலே. நல்ல நடத்துநர் எந்த இடத்தில் இது நடக்கும் என்று தாளில் குறித்து வைத்திருப்பார். இது ஒரு வகை இறக்கம். மற்ற வகைகள் களைப்பு, மூச்சு போதாமை, நீட்டிப் பிடிக்கும் சுரத்தில் உயிரெழுத்து மங்குவது, வெயிலில் ஒரு மணி நேரம் காக்கவைத்தது. முதல் வகைக்குப் பயிற்சி மருந்து. கடைசி வகைக்கு நீங்கள்.

இப்போது அலமாரிக்கு வருகிறோம். ஒரு பல்கலைக்கழகக் குழுவின் உண்மையான சொத்து அதன் இசைத்தாள் நூலகம். நாற்பது பேர் பாட ஒரு பாடலுக்கு 45 படிகள் வேண்டும்: பாடகருக்கு ஒன்று, நடத்துநருக்கு ஒன்று, பியானோ வாசிப்பவருக்கு ஒன்று, தொலைவதற்கு மூன்று. ஒவ்வொரு படியின் வலது மேல் மூலையிலும் எண் இருக்கவேண்டும். பாடகருக்கும் அதே எண். 17ஆம் எண்ணுக்காரர் எல்லாப் பாடல்களிலும் 17ஆம் படியையே எடுப்பார், திருப்புவார். இந்த ஒரு ஏற்பாடு இருந்தாலே ஆண்டிறுதியில் எது வரவில்லை, யாரிடமிருந்து வரவில்லை என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இல்லாத இடங்களில் முதல் ஆண்டு 45, மறு ஆண்டு 38, அதற்கடுத்த ஆண்டு 26 என்று கரைந்து, ‘மீதியை நகல் எடுத்துக்கொள்ளலாம்’ என்ற இடத்தில் வந்து நிற்கும்.

அந்த நகல்தான் சிக்கல். காப்புரிமை உள்ள பாடலை ஒரு படி வாங்கி நாற்பது நகல் எடுப்பது சட்டப்படி தவறு. சிக்கினால் பதில் சொல்லவேண்டியது மாணவர் அல்ல, பல்கலைக்கழகம். இசையமைப்பாளர் மறைந்து எவ்வளவு காலம் ஆனால் உரிமை முடியும் என்பது நாட்டுக்கு நாடு மாறும்: சில இடங்களில் 50 ஆண்டு, சில இடங்களில் 60, பல இடங்களில் 70. இன்னொரு பொறியும் உண்டு. நானூறு ஆண்டுப் பழைய பாடலாக இருக்கலாம். அதைச் சென்ற பத்தாண்டில் ஒருவர் பதிப்பித்திருந்தால் அந்தப் பதிப்புக்குத் தனி உரிமை இருக்கக்கூடும், மொழிபெயர்த்த வரிகளுக்கும் தனி உரிமை இருக்கும். உரிமை முடிந்த சேர்ந்திசைத் தாள்களை 1998 முதல் இலவசமாகத் தந்துவரும் பொது நூலகம் இணையத்தில் உண்டு. ஆனால் அங்கும் ஒவ்வொரு பதிப்பின் மேலும் உள்ள குறிப்பைப் படித்துவிட்டுத்தான் இறக்கவேண்டும். ஒவ்வொரு பாடலின் அட்டையிலும் ‘எங்கே வாங்கியது, எத்தனை படி, ரசீது எண்’ என்று மூன்று வரி எழுதி ஒட்டிவிட்டால் பின்னால் வருகிறவருக்குத் தலைவலி இல்லை.

தாளில் பென்சில் மட்டும். 2பி பென்சில் நல்லது. அழித்தால் வடு தெரியாது. பேனாவால் மூச்சுக்குறி போட்டவர் அடுத்த நடத்துநருக்குப் பகைவர், ஏனென்றால் அவர் வேறிடத்தில் மூச்சு விடச் சொல்வார். கிழிந்ததை ஒட்டக் கடையில் கிடைக்கும் ஒட்டுநாடா ஆகாது. சில ஆண்டுகளில் மஞ்சளாகி, பிசின் கசிந்து, பக்கத்துத் தாளையும் பிடித்துக்கொள்ளும். இரும்புக் கவ்வி துருப்பிடிக்கும். அலமாரி சுவரை ஒட்டி இருந்தால் கரையான் வழி தேடி வரும். ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். பருவ இறுதியில் எல்லாக் குறிகளையும் அழித்து வைப்பதா, அப்படியே விடுவதா என்று குழுக்களுக்குள் சண்டையே உண்டு. எங்கள் கட்சி: பாடகர் படிகளை அழித்துவிடுங்கள், நடத்துநர் படியை ஒருபோதும் அழிக்காதீர்கள். அந்தப் படியின் ஓரத்தில் இருக்கும் ‘இங்கே ஆல்ட்டோ தாமதம்’, ‘2ஆம் பக்கம் திருப்பும்போது சுதி பார்’ என்ற கிறுக்கல்கள்தாம் குழுவின் உண்மையான வரலாற்றேடு.

ஒலிப்பதிவுகள் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். நாடாக்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன, எழுதுவட்டுகள் படிக்க மறுக்கின்றன, பின்னர் வந்தவை யாரோ ஒருவருடைய கைப்பேசியோடு போய்விட்டன. இனி எடுப்பதையாவது இழப்பில்லாத வேவ் கோப்பாக, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் எடுங்கள். கேட்கக் கொடுப்பதற்கு எம்பி3 செய்துகொள்ளலாம், காப்பதற்கு அது ஆகாது. மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில். கோப்பின் பெயர் ஆண்டு, மாதம், நாள் என்று தொடங்கட்டும். அப்போதுதான் தானாக வரிசையில் நிற்கும். ‘ஃபைனல்’, ‘புது ஃபைனல்’ என்று பெயரிட்ட பதிவுகளை இருபது ஆண்டு கழித்து யாராலும் அடையாளம் காண முடியாது. ஒவ்வொரு கச்சேரிக்கும் அச்சடித்த நிகழ்ச்சித்தாளின் மூன்று படிகளைப் பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணப் பிரிவுக்கு அனுப்புங்கள். அதில் பாடியவர்கள் பெயர் குரல்வாரியாக இருக்கவேண்டும். பெயர் இல்லாத நிகழ்ச்சித்தாள் வெறும் காகிதம்.

மரபுகளைப் பற்றி. ‘எங்கள் குழுவுக்கு ஒரு மரபு வேண்டும், நூற்றாண்டு விழாவுக்குள் ஏற்பாடு செய்யுங்கள்’ என்று கேட்கும் நிர்வாகங்கள் உண்டு. மரபை அப்படி ஆணையிட்டு உருவாக்க முடியாது. ஆனால் இருப்பதைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ள முடியும். ஆக்ஸ்போர்டின் மாக்டலன் கல்லூரிக் குழு மே 1 காலை ஆறு மணிக்குக் கோபுர உச்சியில் ஏறி நின்று பாடுகிறது. கீழே தெரு நிறைய ஆட்கள். அங்கே நிர்வாகம் செய்யவேண்டியது கோபுரக் கதவைத் திறந்துவிடுவதுதான். லுண்ட் மாணவர்கள் ஏப்ரல் கடைசி நாளும் மே முதல் நாளும் வசந்தத்தைப் பாடி வரவேற்கிறார்கள். பால்டிக் நாட்டு மாணவர் குழுக்கள் 1956இல் டார்ட்டு நகரத்தில் தொடங்கிய ‘காவுடெயாமுஸ்’ விழாவில் கூடுகின்றன. மாக்டலனிலும் லுண்டிலும் தேதியும் இடமும் மாறாமல் இருப்பதால்தான் ஆட்கள் மாறினாலும் மரபு நிற்கிறது. அதனால் உங்கள் குழுவின் ஆண்டு நிகழ்ச்சிக்கு ஒரு நிலையான நாளை நாட்காட்டியில் ஒதுக்குங்கள். யாராவது ஒரு விருந்தினரின் வசதிக்காக அதை நகர்த்தாதீர்கள். இரண்டு முறை நகர்த்தினால் போதும், மூன்றாம் ஆண்டு அது இருக்காது.

எங்கும் காணும் இன்னொரு வழக்கம், கடைசிப் பாட்டுக்குப் பழைய மாணவர்களை மேடைக்கு அழைப்பது. அழகான வழக்கம், ஆனால் கவனிக்காவிட்டால் கந்தலாகும். அந்தப் பாட்டைப் பெரும்பாலும் தாள் இல்லாமல் மனப்பாடமாகவே பாடுவார்கள். காதுவழி வரும் பாட்டில் முதலில் தேய்வது நடுக்குரல்கள். மேலே இருப்பது மெட்டு, எல்லோருக்கும் தெரியும். கீழே இருப்பது அடித்தளம், நினைவில் நிற்கும். நடுவில் இருக்கும் ஆல்ட்டோவும் டெனரும் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒன்றிரண்டு சுரம் மெட்டின் பக்கம் சாய்ந்து, இருபது ஆண்டில் நான்கு குரல் பாட்டு இரண்டரைக் குரலாகிவிடும். அப்புறம் மேடையில் 1995ஆம் ஆண்டுக்காரர் ஒரு ஆல்ட்டோ பாடுவார், இப்போதைய மாணவி வேறொன்று பாடுவார். இருவருமே தான் பாடுவதுதான் மூலம் என்பார். ஆகவே மூலத்தாள் ஒன்றை ஆவணப் பிரிவில் வையுங்கள், புதியவர்கள் முதல் மாதத்திலேயே அதைத் தாளிலிருந்து கற்கட்டும். மேடையேறும் பழையவர்களை அவரவர் குரல் வரிசையில் நிறுத்துங்கள். நண்பர்களாகச் சேர்ந்து நின்றால் குரல் கலைந்துவிடும். ஆட்கள் கூடினால் காலப்பிரமாணம் தானாக இழுபடும். நடத்துநர் கையை அகலமாக வீசினால் இன்னும் இழுபடும், சின்னதாக அடித்தால் நிற்கும்.

விட்டுவிட வேண்டிய மரபுகளும் உண்டு. புதியவர்களை ‘வரவேற்பு’ என்ற பெயரில் கேலிக்கு உள்ளாக்குவது, இழிவான சொற்கள் உள்ள பழைய பாட்டை ‘அந்தக் காலத்தில் அப்படி’ என்று தொடர்ந்து பாடுவது, இவற்றுக்கு மரபு என்ற போர்வை தேவையில்லை. மாற்றினால் குழு செத்துவிடும் என்ற பயம் வீண். 1830இல் ஆண்கள் குழுவாகத் தொடங்கிய அல்மென்னா சோங்கென் 1963இல் இருபாலர் குழுவானது. விஃபன்பூஃப்ஸ் 2018இல் முதல் பெண்ணைச் சேர்த்துக்கொண்டது. இரண்டும் இன்னமும் பாடுகின்றன.

விழாக்களுக்குக் கூப்பிடும்போது சில வேண்டுகோள்கள். ஆறு வாரத்துக்கு முன் சொல்லுங்கள். விழாவுக்கு முன் அதே மேடையில், அதே ஒலிபெருக்கியோடு, பதினைந்து நிமிடம் கொடுங்கள். ஆளுக்கொரு மைக் வேண்டாம். முன்னால் சற்று உயரத்தில் இரண்டு நல்ல மைக் போதும், அப்போதுதான் குழுவின் கலவை அப்படியே கேட்கும். படிமேடை இருந்தால் மூன்று தட்டு, ஆளுக்கு ஆள் ஒரு முழங்கை இடைவெளி. நெருக்கி நிறுத்தினால் தன் குரல் கேட்காது. முழங்காலை விறைப்பாகப் பூட்டி நெடுநேரம் நின்றால் மயங்கி விழுவார்கள். தலைமை உரை நாற்பது நிமிடம் என்றால் அவர்களை உட்காரவிடுங்கள். திறந்தவெளியில் காற்று தாளை அள்ளிக்கொண்டு போகும். கோப்புறையும் கவ்வியும் வேண்டும். ஆட்கள் இருக்கை தேடி நடமாடும்போது பின்னணியாகப் பாடச் சொல்வதைவிட ஒலிநாடா போட்டுவிடுவது மரியாதை.

பணம் குறைவு என்பது தெரியும். குறைவாக இருந்தால் இந்த வரிசையில் செலவிடுங்கள்: பியானோ வாசிப்பவரின் ஊதியம், சுதி சேர்ப்பு, இசைத்தாள், பயணம், கடைசியாகச் சீருடை. வழக்கத்தில் இது தலைகீழாக நடக்கிறது; புகைப்படத்தில் சீருடைதானே தெரியும்.

இனி பொறுப்பு ஒப்படைப்பு. குழுவின் தலைவர், தாள் நூலகர், பதிவுப் பொறுப்பாளர் என்று மாணவர்கள் இருப்பார்கள். அவர்களெல்லாம் இறுதியாண்டில் தேர்வு முடிந்த மறுநாள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆண்டிறுதியில் ஒப்படைப்பு என்று வைத்தால் அது ஒரு வாட்ஸ்அப் செய்தியாக முடியும்: ‘சாவி வார்டன்கிட்ட இருக்கு.’ புதிய பொறுப்பாளர்களை ஆண்டின் நடுவில் தேர்ந்தெடுத்து, மீதி ஆண்டு முழுவதும் பழையவர்களோடு சேர்ந்தே வேலை செய்ய விடவேண்டும். கணக்கு, தாள் பட்டியல், பதிவுகளின் இடம், அரங்கு முன்பதிவு முறை, பியானோ சுதி சேர்ப்பவரின் தொடர்பு, ஆவணப் பிரிவில் யாரிடம் கேட்கவேண்டும், எல்லாம் ஒரு குறிப்பேட்டில் இருக்கட்டும். அதன் ஒரு படி உங்கள் அலுவலகத்திலும். நடத்துநரை ஓராண்டு ஒப்பந்தத்தில் வைத்து ஒவ்வொரு கோடையிலும் நீட்டிப்புக்கு அலையவிடாதீர்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிசீலியுங்கள்; ஒரு முழு மாணவர் தலைமுறை வந்து போவதையாவது அவர் பார்க்கட்டும்.

இவ்வளவையும் ஒரே ஆண்டில் கேட்கவில்லை. இந்தப் பருவத் தேர்வு தொடங்குவதற்குள் உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவரை அனுப்பி, அந்த அலமாரியைத் திறந்து, என்னென்ன பாடல் எத்தனை படி இருக்கிறது என்று ஒரு பட்டியல் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு பிற்பகல் வேலை. பட்டியலில் இருவரும் கையெழுத்திட்டு, சாவியின் இரண்டாவது படியைப் பதிவாளர் அலுவலகத்துச் சாவிப் பலகையில் பெயரெழுதி மாட்டுங்கள்.

இங்ஙனம்,
பல்கலைக்கழகச் சேர்ந்திசைக் குழுக்களில் பாடுவோர், நடத்துவோர், தாள் காப்போர்